உளவியல் கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலில் புதிதாக நுழைபவரை இடறச் செய்வது, அதன் சொற்கள் முன்பே தெரிந்தவைபோலத் தோன்றுவதுதான். நினைவு, கற்றல், தண்டனை எனப் பேச்சு வழக்கில் உள்ள சொற்களுக்கு, 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் அமைத்த காலந்தொட்டு வளர்ந்துவந்த இத்துறை தனக்கெனத் திட்டமான பொருள்களை வகுத்திருக்கிறது.

மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கிய எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது. இங்கே ‘நேர்மறை’ என்றால் ஒன்று சேர்க்கப்படுகிறது, ‘எதிர்மறை’ என்றால் ஒன்று நீக்கப்படுகிறது. நன்மை தீமைக்கு இதில் இடமில்லை. நடத்தை கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அழுது அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கேட்டதை வாங்கித் தரும் தாயை எண்ணிப் பாருங்கள். கேட்டது கிடைத்ததால் குழந்தையின் அழுகை நேர்மறையாக வலுப்பெறுகிறது. அழுகை ஓய்ந்ததால், தாயின் வாங்கித் தரும் வழக்கம் எதிர்மறையாக வலுப்பெறுகிறது. இருவருமே கற்கிறார்கள், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த ஓர் எடுத்துக்காட்டைப் பொறுமையாக அலசினால் பாடத்தின் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான கருத்து.

நினைவை ஒளிப்பதிவுக் கருவியாகக் கருதுவது அடுத்த தவறு. உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு குழுவிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்றும், மற்றொரு குழுவிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்றும் கேட்டனர்; ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாக இரண்டாம் குழுவில் 50 பேரில் 16 பேரும் முதற்குழுவில் 50 பேரில் 7 பேரும் கூறினர். நினைவுகூரும்போதெல்லாம் மனம் நிகழ்வை மறுபடி கட்டியெழுப்புகிறது.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்களையும் விட வேண்டும். இரண்டு அளவைகள் சேர்ந்து ஏறி இறங்குவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் உண்மையன்று.

மனச்சிதைவு என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். அந்நோய் பிரமை, இல்லாத குரல் கேட்டல், சிந்தனைத் தொடர்பறுதல் போன்றவற்றைக் குறிப்பது. பல ஆளுமை நிலை முற்றிலும் வேறானது.

பாடநூலின் அறிகுறிப் பட்டியலை வைத்துத் தமக்கோ நண்பருக்கோ நோயின் பெயர் சூட்டுவதையும் விட்டுவிட வேண்டும். மனச்சோர்வு நோய் என்று கூற, ஓரிரு நாள் வருத்தம் போதாது. குறைந்தது 2 வாரங்களுக்குப் பல அறிகுறிகள் சேர்ந்து நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும், அதையும் பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பிற உடல்நலக் காரணங்களை விலக்கிய பின்னரே முடிவு செய்வார்.