தோள் திரண்ட பெண்கள் ஊரில் சட்டை தைப்பிப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் புறப்படும்போது நம்மில் பெரும்பாலான பெண்கள் சாறியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதற்குரிய சட்டையை அங்கே போய்த் தைப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். மெலிந்த தோளும் கையும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பிழைப்பதில்லை. பளு தூக்குபவர்கள், நீந்துபவர்கள், துடுப்பு வலிப்பவர்கள், முதியோர் இல்லங்களில் ஆட்களைத் தூக்கித் திருப்பும் வேலையில் ஆண்டுக்கணக்காக நின்று கை இறுகியவர்கள் ஆகியோருக்கோ, விடுமுறையின் பாதி நாட்கள் தையற்கடை வாசலிலேயே போய்விடும். அந்த நாட்களை மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவில் ஒன்பது ஆண்டுகளாகப் பளுப்பயிற்சி செய்து வருகிறேன். கையைத் தளர்த்தித் தொங்கவிட்டால் என் மேற்கையின் சுற்றளவு 13½ அங்குலம். முழங்கையை மடித்து இறுக்கினால் 15 அங்குலம். இந்த ஒன்றரை அங்குலம் என்ன செய்யும் என்பதை என் தங்கையின் கலியாணத்தில் கண்டேன். ஆலாத்தித் தட்டின் ஒரு பக்கத்தை மாமி பிடித்திருக்க, மறுபக்கத்தை நான் பிடித்து உயர்த்தியபோது, வலக்கையின் பின்புறத் தையல் தோளடியிலிருந்து அக்குள் வரை விட்டுப்போயிற்று. துணி கிழியவில்லை. தையல் ஓடிய இடத்தில் பட்டு இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகி, உள்ளே இருந்த லைனிங் வெள்ளையாகத் தெரிந்தது. சாறித் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மாலை வரை இருந்தேன். படங்கள் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறேன். அந்தச் சட்டையைத் தைத்தவர் கைதேர்ந்தவர். அவர் எழுதி வைத்த எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. கையைத் தொங்கவிட்டு, நாடாவை ஒட்டிப் பிடித்து அளவெடுத்ததுதான் தவறு.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு போனால் ரெயிலரிடம் பேசுவது எளிது. நம் ஊர்த் தையல் முறையில் மார்புச் சுற்றளவை வைத்தே மற்ற அளவுகள் பலவற்றைக் கணக்கிட்டு வெட்டுவார்கள். கைத்துணியைப் பொருத்தும் கைக்குழியின் ஆழமும், மார்பின் வடிவுக்காக முன்பக்கம் பிடிக்கும் மடிப்பான டாட்டின் அளவும் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணிலிருந்தே வரும். நீந்துபவருக்கோ பளு தூக்குபவருக்கோ மார்புச் சுற்றளவு 38 அங்குலம் என்று நாடா காட்டும்போது, அதில் ஒரு நல்ல பங்கு அக்குளுக்குக் கீழே இரு புறமும் விரிந்திருக்கும் முதுகுத் தசையினுடையது. அது கணக்கில் வராததால் கூடுதல் துணி முழுவதும் முன்பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. சட்டை முன்னே தொளதொளவென்று நிற்க, பின்னே முதுகு இழுபடுகிறது. ஆகவே மார்புச் சுற்றளவை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். முதுகின் அகலத்தை எடுக்கும்போது இரு கைகளையும் முன்னே கொண்டுவந்து, ஒரு குழந்தையைத் தூக்கி அணைப்பதுபோல் மடித்து நில்லுங்கள். தோட்பட்டைகள் விரிந்து நிற்கும் அந்த நிலையில் வருகிற அகலமே உங்களுக்கு வேண்டியது. மேற்கையின் சுற்றளவையும் முழங்கையை மடித்து இறுக்கியே எடுக்க வேண்டும். பயிற்சி முடித்த கையோடு அளவு கொடுக்கப் போகாதீர்கள், அப்போது தசை வழமையைவிடப் பருத்திருக்கும். விமானத்தால் இறங்கிய அன்றும் வேண்டாம்.

தோளின் அகலத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தோள் திரண்டிருப்பதைக் கண்ட ரெயிலர், தோள் தையலை நீட்டி வெளியே தள்ளி வைத்துவிடுவார். அப்படி வைத்தால் தையல் தசையின் மேல் ஏறி நின்று, கையை உயர்த்தும்போதெல்லாம் சட்டையையும் சேர்த்து இழுக்கும். உண்மையில் தோள் எலும்பு எல்லோருக்கும் உள்ள இடத்தில்தான் உங்களுக்கும் இருக்கிறது. தசை அந்த எலும்புக்கு வெளியே, கையின் மேல்தான் திரண்டிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினால் தோளின் நுனியில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் பேனையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தோள் தையல் அந்தப் புள்ளியோடு முடிய வேண்டும். தசைக்கு வேண்டிய இடத்தைக் கைத்துணியின் மேல்வளைவை அகட்டி வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், கைக்குழியை ஆழமாக்க விடாதீர்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். கை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னவுடன் எந்த ரெயிலரும் முதலில் செய்ய நினைப்பது கைக்குழியைக் கீழே இறக்குவதைத்தான். இறக்கினால் நிற்கும்போது காற்றோட்டமாக இருக்கும். ஆனால் கையைத் தூக்கினால் சட்டையின் விளிம்பே இடுப்பை விட்டு எழுந்து வந்துவிடும்; கையின் சுற்றளவோ முன்பு இருந்த அதே இறுக்கத்தோடு இருக்கும். அக்குளோடு ஒட்டிய உயர்ந்த கைக்குழியும் அகன்ற கையுமே உங்களுக்குப் பொருந்தும். தங்கையின் கலியாணத்துக்கு அடுத்த ஆண்டு, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டோடு மெஷின் வைத்துத் தைக்கும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். "பிள்ளை, இவ்வளவு அகலமாய்க் கை வைச்சால் தொங்குமெல்லே?" என்று கேட்டார். "கையை மடிச்சுப் பிடிக்கிறன், இப்ப அளந்து பாருங்கோ அக்கா" என்றேன். நாடாவைச் சுற்றியவர், சற்று நேரம் எண்ணைப் பார்த்துவிட்டு, பேசாமல் கொப்பியில் பழைய எண்ணை வெட்டிப் புதிதாக எழுதினார். அந்தச் சட்டையைத்தான் இன்றைக்கும் அளவுச் சட்டையாக எல்லா இடங்களுக்கும் கொண்டு போகிறேன்.

சாறி வாங்கும் கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. சாறியோடு சேர்ந்து வரும் சட்டைத் துணி வழமையாக 80 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அங்குலத்தில் சொன்னால் 31½. மடித்த கை 15 அங்குலம் என்றால், அசைவுக்கு ஓர் அங்குலம் கூட்டி 16. பின்னர் பிரித்து விடுவதற்காக உள்ளே இரு புறமும் ஒன்றரை அங்குலம் விட்டால் 19. இரண்டு கைகளுக்கு 38 அங்குலம் வேண்டும். பட்டுச் சாறிகளில் கரை கையின் விளிம்பில் வருமாறு தைப்பதே வழக்கமாதலால், சட்டைத் துணியில் ஒரு பக்கம் மட்டும் கரை இருந்தால் இரண்டாவது கைக்குக் கரை போதாது. ஆகவே இரு பக்கமும் கரை உள்ள துணியா, அல்லது முழுதாக ஒரு மீற்றராவது இருக்கிறதா என்று கடைக்காரரை விரித்து அளந்து காட்டச் சொல்லுங்கள். இரு பக்கமும் கரை இருந்தால் பக்கத்துக்கு ஒரு கை வெட்டலாம். இரண்டும் இல்லாத சாறிதான் மனத்துக்குப் பிடித்திருக்கிறது என்றால், அந்த நிறத்துக்கு இசைவான வேறு துணியில் சட்டையைத் தைப்பித்து, சாறியின் கரையை விளிம்பில் பட்டியாக மட்டும் வைக்கச் சொல்வதே நல்லது. போதாத துணியை இழுத்துப் பிடித்துத் தைத்த சட்டைதான் ஆலாத்தித் தட்டுக்கு முன்னால் விட்டுப்போகும். பட்டுக்கு உள்ளே கட்டாயம் பருத்தி லைனிங் வைக்க வேண்டும். அந்த லைனிங்கை முதலில் நனைத்து உலர்த்திவிட்டு வெட்டும்படி கேளுங்கள், இல்லாவிட்டால் முதற்கழுவலில் சுருங்கிக் கையைப் பிடிக்கும்.

கையின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் நம்மில் பலர் கையில்லாத சட்டை அணிந்து இந்தச் சிக்கலையே தவிர்த்துக்கொள்கிறோம். ஊரில் கோயிலுக்கும் சடங்கு வீட்டுக்கும் அது ஒத்துவராது. நல்லூருக்குப் போவதென்றால் கை வைத்த சட்டைதான் வேண்டும். தசை மிகப் பருத்திருக்கும் இடத்தில் கையின் விளிம்பு முடியக்கூடாது என்பதே நான் கண்ட விதி. அங்கே முடிந்தால் விளிம்பு தசையில் பதிந்து அடையாளம் விழும். வெயிலில் வியர்த்தால் புண்படும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே, கை மெலியத் தொடங்கும் இடத்தில் முடியும் கை, பார்க்கவும் நன்றாக இருக்கும், அசையவும் விடும். பஃப் கை வைத்தால் தசை மறையும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தோள்முடியில் அது இடம் கொடுப்பது உண்மைதான், ஆனாலும் கீழே விளிம்பு அதே இடத்தில்தான் பிடிக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. கரையில்லாத பருத்திச் சட்டைகளில் கைத்துணியை மூலைவாட்டில், கிராஸாக வெட்டச் சொன்னால் துணி சற்று இழுபட்டுக் கொடுக்கும். கொளுக்கியை முன்பக்கம் வைப்பதே பாதுகாப்பு. முதுகில் வைத்தால் கைகளை முன்னே கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் கொளுக்கிகள் இழுபடும்.

நாட்களை எப்படி ஒதுக்குவது? குறைந்தது பத்து நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். போன இரண்டாம் மூன்றாம் நாளே, விலை குறைந்த பருத்தித் துணியில் ஒரு சட்டை தைக்கக் கொடுங்கள். அதைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு விடாமல், இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டை முடிவதுபோல் செய்யுங்கள். முன்னால் குனிந்து ஒரு குடத்தைத் தூக்குவதுபோல் செய்யுங்கள். இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். எங்கே இழுபடுகிறதோ அங்கே சோக்கால் குறித்துத் திருத்திய பிறகுதான் பட்டைக் கையில் கொடுக்க வேண்டும். பக்கத் தையலில் உள்ளே துணி விடுவது எல்லா ரெயிலர்களுக்கும் வழக்கம். கையிலும் கைக்குழியிலும் விடச் சொல்வதை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும், ஏனெனில் பக்கத்தை மட்டும் பிரித்து விட்டால் கை ஒரு நூலளவும் தளராது. இருபத்தைந்து நாள் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், ஆவணிக் கலியாணங்கள் நெருங்கும்போதும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களிலும் ரெயிலர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நாட்களில் போகிறவர்கள் உறவினர் மூலம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணம் நகரத்துத் துணிக்கடைகளில் சாறி எடுத்தாலும், தைப்பதற்கு வீட்டோடு தைக்கும் பெண்களையே நான் விரும்புகிறேன். கடைகளில் அளவெடுப்பவர் ஒருவரும் வெட்டுபவர் வேறொருவருமாக இருப்பது உண்டு. உங்கள் கையைப் பார்க்காதவர் வெட்டினால், எண்ணை நம்பாமல் தன் பழக்கத்துக்கு வெட்டிவிடுவார். கொழும்பில் தங்குபவர்கள் வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிச் சாறிக்கடைகளையும் தையற்காரர்களையும் காணலாம். லைனிங்கும் வெறுந்துணியும் மீற்றர் கணக்கில் வாங்கப் புறக்கோட்டை மலிவு. கூறை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள், தியாகராய நகரில் சட்டை என்று சொன்னால் ஆண்களின் சட்டையைக் காட்டுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். அங்கே அது ஜாக்கெட் அல்லது பிளவுஸ். அளவுச் சட்டையை "அளவு ஜாக்கெட்" என்று கேட்பார்கள்.

ஆயத்த உடையில் பஞ்சாபி என்று நாம் சொல்லும் சல்வார் கமீஸ்தான் அதிகம் ஏமாற்றும். உடல் அளவாக இருக்கும், கை ஏறாது. கைக்காக இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் இடுப்பில் சாக்குப்போல் தொங்கும். கை தைக்காமல், கைத்துணியை உள்ளே தனியாக வைத்து விற்கும் மேற்சட்டைகளைத் தேடி எடுங்கள். அந்தத் துணி உங்களுக்குப் போதாவிட்டாலும், அக்குளிலிருந்து விளிம்பு வரை துப்பட்டாவின் நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டி ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் வேண்டுமென்றே வைத்த அலங்காரமாகவே தெரியும். அன்றாடப் பாவனைக்கு, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடைகளை விற்கும் கொழும்புக் கடைகளில் இழுபடும் துணியில் ரீசேட்டுகளும் மேற்சட்டைகளும் வெளிநாட்டு சைஸ்களிலேயே கிடைக்கும்.

அளவெடுக்கும் இடத்தில் யாராவது ஒருவர், "இதென்ன பிள்ளை, ஆம்பிளையள் மாதிரிக் கை" என்று சொல்லக்கூடும். சொல்பவர் பெரும்பாலும் பாசமுள்ள சித்தியோ பெரியம்மாவோதான். இருந்தாலும் அந்தச் சொல் சுடும், அதைக் கேட்டுக் கையைக் குறுக்கிக்கொண்டு நின்று அளவு கொடுத்த பெண்களை எனக்குத் தெரியும். குறுக்கி நின்று கொடுத்த அளவு குறுகிய சட்டையாகத்தான் வரும். பருத்த தோளைப் பணைத்தோள் என்று சொல்லிப் பெண்ணின் அழகாகப் பாடிய மொழி நம்முடையது. நிமிர்ந்து நில்லுங்கள், கையை மடித்து இறுக்குங்கள், எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் முன், சரியாக வந்த சட்டையை வைத்துக் கடதாசியில் வெட்டு மாதிரி இரண்டு எடுத்துத் தரும்படி ரெயிலரிடம் கேட்டு, ஒன்றை நீங்கள் கொண்டுவந்து மற்றதை அவரிடமே பெயரெழுதி விட்டு வாருங்கள். சுன்னாகத்து அக்காவின் அலுமாரியில் என் மாதிரி ஒரு பழைய நாட்காட்டித் தாளில் மடித்துக் கிடக்கிறது. போன ஆனியில் மச்சாளின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்குப் போனபோது, சாறியை முன்கூட்டியே உறவினரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். நான் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று சட்டை கொளுக்கியும் வைத்து ஆயத்தமாக இருந்தது.