குறட்டைக்காரரின் தாடைப் படத்தில் எதை அளப்பது?

பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார், இரவெல்லாம் குறட்டை. அப்படி ஒருவர் பல் சீரமைப்புக்காக எடுத்த பக்கவாட்டு முக எக்ஸ்ரேயுடன் உங்கள் முன் வந்தால், தூக்கத்தில் அவருடைய மூச்சுப்பாதை அடைபடும் வாய்ப்பு எவ்வளவு என்று அந்தப் படத்திலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். இந்த நோயை (ஸ்லீப் ஆப்னியா) உறுதிசெய்வது இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்யும் தூக்கப் பரிசோதனைதான். இந்தக் கணக்குக்காக மட்டும் புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லாதீர்கள்.

செபலோகிராம் எனப்படும் இந்தப் பக்கவாட்டு முகப்படத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்காக எழுதுகிறேன். ஒளிப்பெட்டி, டிரேசிங் தாள், கூர்மையான பென்சில், அளவுகோல், பாகைமானி போதும். மென்பொருள் இருந்தாலும் முதல் பத்துப் படங்களைக் கையால் வரையுங்கள்.

படி 1: படம் தகுதியானதா?

பற்கள் கடித்த நிலையில், பார்வை நேராக, எச்சில் விழுங்காமல் எடுத்திருக்க வேண்டும். தலை அண்ணாந்திருந்தால் தொண்டை அகலமாகத் தெரியும். விழுங்கினால் நாவடி எலும்பு மேலேறிவிடும். நான் முதன்முதலில் வரைந்ததே விழுங்கும்போது எடுத்த படம். அரை மணி நேரம் பாடுபட்டு, எல்லாம் இயல்பு என்று எழுதிக் கொண்டுபோனேன். பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் மென் அண்ணத்தின் மேல் பென்சிலை வைத்தார். அது தொண்டையின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் முதலில் அங்கேதான் பார்க்கிறேன்.

படத்தின் ஓரத்தில் அளவுக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்ரே உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கும். அதைத் திருத்தாமல் மில்லிமீட்டர் பேச முடியாது.

படி 2: தாடைகள்

பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் குழியின் நடுப்புள்ளி செல்லா. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம் நேசியன். இவ்விரண்டையும் கோட்டால் இணைத்து, நேசியனிலிருந்து மேல்தாடை முன்வளைவின் ஆழமான இடத்துக்கும் (ஏ புள்ளி) கீழ்த்தாடையின் அதே போன்ற இடத்துக்கும் (பி புள்ளி) கோடுகள் இழுங்கள். பல் சீரமைப்பு மருத்துவர் ஸ்டைனரின் கணக்கில், செல்லா-நேசியன் கோட்டோடு ஏ கோடு சேரும் முதல் கோணம் 82 பாகை, பி கோடு சேரும் இரண்டாவது 80. இரண்டாவது கோணம் 74, 75 என்று இறங்கினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. நாக்குக்கு இடம் குறைவு. ஆனால் இவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து வகுத்த எண்கள். நம்மவர்களுக்கு ஓரிரு பாகை வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

படி 3: நாவடி எலும்பு

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த எலும்பு இது. வேறெந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளிலும் தசைநார்களிலும் தொங்குகிறது. நாக்கின் அடிப்பகுதி இதில் பற்றியிருக்கிறது. இது கீழிறங்கினால் நாக்கும் தொண்டைக்குள் இறங்கும். எளிதில் சுருங்கக்கூடிய தொண்டைக்குழாயின் நீளமும் கூடும்.

முகவாயின் அடிப்புள்ளியையும் கீழ்த்தாடைக் கோணத்தையும் இணைத்து ஒரு கோடு. நாவடி எலும்பின் முன்மேல் முனையிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தொலைவை அளங்கள். ஏறத்தாழ 15 மி.மீ. இயல்பு. 20-ஐத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருங்கள்.

படி 4: காற்றுப்பாதை

பி புள்ளியிலிருந்து தாடைக் கோணம் வழியாகப் பின்னோக்கிக் கோடு நீட்டுங்கள். நாக்கின் அடிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையே அந்தக் கோட்டில் விழும் கறுப்புப் பகுதி சுமார் 11 மி.மீ. இருக்க வேண்டும். மென் அண்ணத்தையும் கடின அண்ணத்தின் பின்முனையிலிருந்து உள்நாக்கு நுனிவரை அளந்துகொள்ளுங்கள். சுமார் 35 மி.மீ. இயல்பு.

படி 5: சேர்த்துப் படிப்பது

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். படம் எடுக்கும்போது நோயாளி விழித்திருக்கிறார், நிமிர்ந்திருக்கிறார்; நோய் வருவதோ படுத்து உறங்கும்போது. தொண்டை இடம் வலமாக எவ்வளவு குறுகியது என்பதும் பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. அதனால் ரத்த அழுத்தம், உடல் எடை, 40 செ.மீ.க்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒல்லியானவர் என்று விட்டுவிடவும் கூடாது. சிறிய தாடைக்காரர்களிடம் எடை கூடாமலேயே இந்நோய் வரும்.

பரிந்துரைக் கடிதத்தில் நோயின் பெயரை எழுதாமல் அளவுகளை எழுதுங்கள். கூடவே, அவரோடு ஒரே அறையில் படுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை அப்படியே சேருங்கள்: குறட்டை நடுவில் நின்று, சற்று நேரம் அமைதியாகி, பிறகு திணறி எழுகிறாரா?