பழைய ஸ்கூட்டரில் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய வெஸ்பா, லாம்பிரெட்டா, சேத்தக் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சந்தித்திருப்பார்கள். நேற்று வரை நன்றாக அடித்த ஹாரன் இன்று முனகுகிறது, இண்டிகேட்டர் ஒருமுறை எரிந்து அப்படியே நின்றுவிடுகிறது, செல்ஃப் இருக்கும் வண்டியென்றால் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கிப் போடுவார்கள், சில வாரம் கழித்து அதுவும் படுத்துவிடும். பேட்டரி இறங்குவது பெரும்பாலும் வேறொரு கோளாறின் அறிகுறி, அந்தக் கோளாறை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதிதும் அதே வழியில்தான் போகும்.

காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்க முடியாமல் இருக்கலாம், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள். பேட்டரி நல்லதா என்று தெரியாமல் மற்ற இரண்டையும் சோதித்தால் வரும் அளவு எதையும் நம்ப முடியாது. தேவைப்படுவது வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு சார்ஜர், உப்புத்தாள், அப்புறம் கொஞ்சம் பொறுமை.

முதலில் பேட்டரி. கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவ் முனையைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது. மிகப் பழைய வண்டி என்றால் எர்த் நெகட்டிவ்தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், பாசிட்டிவ் எர்த் வண்டிகளும் உண்டு, அதில் பாடியில் இணைந்திருக்கும் வயர் எதுவோ அதுதான் முதலில் வரவேண்டும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அதன் ஆம்பியர்-ஹவர் அளவில் (பேட்டரியின் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்கு கரண்டில் சார்ஜ் ஏற்றுங்கள், அதாவது 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர். கார் சார்ஜரை நேரடியாக மாட்டி அவசரமாக ஏற்றினால் இந்தச் சின்னப் பேட்டரி சூடாகிக் கெட்டுவிடும். ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் ஒவ்வொரு செல்லிலும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள், மேல் கோடு வரை நிரப்புவதைச் சார்ஜ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது, ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பக்கத்தில் சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம்.

சார்ஜ் முடிந்ததும் உடனே அளக்காதீர்கள், அப்போது எந்தப் பேட்டரியும் நல்ல பேட்டரி மாதிரிதான் காட்டும். ஓர் இரவு எதிலும் இணைக்காமல் விட்டுவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. 6 வோல்ட் பேட்டரிக்கு இதில் பாதி, 6.3-க்கு மேல் இருக்கவேண்டும். முழு சார்ஜுக்குப் பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆறு செல்லில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும், ஒன்று போனால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

12.6 காட்டுகிறது என்பதற்காக நல்ல பேட்டரி என்றும் சொல்லிவிட முடியாது. வண்டியில் மாட்டி, மீட்டரை அதன் முனைகளிலேயே பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். 9.5-க்குக் கீழே சரிந்தால் உள்ளே தெம்பு இல்லை. கிக்கர் மட்டும் உள்ள வண்டியில் ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், வழுக்கிக்கொண்டே போகக்கூடாது. நெடுநாள் காலியாகவே கிடந்த பேட்டரியில் தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகியிருக்கும். அது சார்ஜரில் போட்ட சில நிமிஷத்திலேயே நிறைந்துவிட்டது போலக் காட்டும், கொடுக்கும்போது ஒன்றும் இருக்காது.

பேட்டரி தேறிவிட்டது என்றால் அடுத்தது திருட்டுக் கரண்ட், அதாவது வண்டி நிற்கும்போது கசியும் கரண்ட். சாவியை மூடிவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கி, அளவு சிறிதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்து வோல்டேஜ் பார்க்கப் போனால் பேட்டரியை நேராக ஷார்ட் செய்த கணக்குதான்.

அலாரம், கடிகாரம் ஒன்றும் இல்லாத பழைய ஸ்கூட்டரில் இந்த அளவு பூஜ்யமாக அல்லது ஓரிரு மில்லி ஆம்பியராக இருக்கவேண்டும். 20 மில்லி ஆம்பியர் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை அது 450 மணி நேரத்தில், அதாவது மூன்று வாரத்துக்குள் காலி செய்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டியைப் படுக்கவைக்க அது போதும். பின்னால் சேர்த்த அலாரம், போன் சார்ஜ் செய்யும் சாக்கெட், கூடுதல் லைட்டுக்கான ரிலே ஆகியவை முதல் சந்தேகத்துக்கு உரியவை. பலரும் இவற்றைச் சாவிக்குப் பின்னால் இணைக்காமல் நேராகப் பேட்டரியிலேயே இணைத்திருப்பார்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸை எடுங்கள், அப்புறம் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அதுதான் ஆள். பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றியதும் விழுந்தால், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடவேண்டிய டயோடு அதன் உள்ளே கசிகிறது.

பிரேக் லைட் ஸ்விட்சைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இவ்வளவு எளிய இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பல மாடல்களில் அது பிரேக் பெடலுக்குக் கீழே, சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. பெடலை விட்டதும் அதன் சின்னக் குமிழ் சரியாகத் திரும்பவில்லை என்றாலோ, பின் பிரேக்கை இறுக்கி வைத்ததில் பெடல் முழுதாகத் திரும்பாமல் நின்றாலோ, லைட் எரிந்தபடியே இருக்கும். பகல் வெயிலில் பின்னால் எரியும் அந்தச் சிவப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். சாவியை மூடினாலும் பிரேக் லைட் எரியும் வயரிங் உள்ள மாடலில், நிறுத்தி வைத்த வண்டியின் 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் காலி. சாவியை மூடினால் அணையும் வயரிங்காக இருந்தாலும், ஓடும்போது ஏறும் சார்ஜை எல்லாம் அதுவே விழுங்கிவிடும். வண்டியை நிழலில் நிறுத்தி, பின் விளக்குக்கு முன்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு பெடலை மெதுவாக அழுத்தி விடுங்கள், அணைகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஸ்விட்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவைத்து, குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பல நேரம் சரியாகிவிடும், இல்லையென்றால் புது ஸ்விட்ச்.

மூன்றாவது, சார்ஜிங். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். ஐட்லிங்கில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இந்த வண்டிகளில் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயில் குறைந்த வேகத்தில் தருவது கொஞ்சம்தான். ஆக்சிலரேட்டரைப் பாதி கொடுத்தால் 12 வோல்ட் வண்டியில் 13.8-இலிருந்து 14.5 வரை ஏறி நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றுவதும் பல்புகள் அடிக்கடி போவதும் இதன் அடையாளங்கள். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஒரே நொடியில் பல்பும் ரெகுலேட்டரும் சேர்ந்து போகலாம்.

ஏறவில்லை என்றதும் எல்லோரும் ரெகுலேட்டரைத்தான் குறை சொல்வார்கள். அதற்கு முன் எர்த்தைப் பாருங்கள், முக்கியமாகப் புதிதாகப் பெயின்ட் அடித்து மீட்டெடுத்த வண்டி என்றால். எர்த் வயரின் வளையம் உட்காரும் இடத்தில் அழகாக பிரைமரும் பெயின்ட்டும் ஏறியிருக்கும், போல்ட் மரை வழியாக மட்டும் கொஞ்சம் தொடர்பு இருக்கும், அதுவும் துரு பிடிக்கும் வரைதான். சில ரெகுலேட்டர்களுக்கு அதன் உலோக உடலே எர்த், அதை மாட்டும் இடத்திலும் இதே கதை. கழற்றி, காசு அளவுக்கு ஒரு வட்டத்தை உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டர் உடலிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் இன்னும் எங்கோ தடை இருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸ் ஹோல்டரில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபியூஸ் முழுதாக இருக்கும், அதைப் பிடிக்கும் தகடு தளர்ந்திருக்கும், வழியில் குலுங்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டு விட்டு வரும்.

இதெல்லாம் சரி, இன்னும் ஏறவில்லை என்றால் காயிலுக்கு வாருங்கள். ரெகுலேட்டருக்குப் போகும் காயில் வயர்களைக் கழற்றி, அவற்றில் மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். வேகம் கூடக்கூட வோல்டேஜ் ஒரே சீராக ஏறினால் காயில் நல்லது, சந்தேகம் ரெகுலேட்டர் மீது போகும். தடுமாறினாலோ, சூடானதும் விழுந்தாலோ, எஞ்சினிலிருந்து வயர்கள் வெளியே வரும் இடத்தில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய வெஸ்பா பி.எக்ஸ். வகை வண்டிகளில் இது பேர்போன நோய்: எண்ணெயும் சூடும் பட்டுப் பட்டு வயரின் மேலுறை வெடித்து, விரலால் தொட்டாலே கறுப்புத் தூளாக உதிரும். உள்ளே இருக்கும் செம்பு எஞ்சின் உடம்பில் உரசும்போது சார்ஜ் நின்றுவிடும், சில நேரம் எஞ்சினே நின்றுவிடும். டேப் சுற்றி ஒட்டுவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். காயிலை மூடியிருக்கும் சுழல் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி, சூடு தாங்கும் வயர் போட்டுப் புதிதாகச் சால்டர் செய்வதே சரியான வேலை. ஃப்ளைவீல் புல்லர் என்ற இழுக்கும் கருவி இல்லாமல் அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலவேண்டாம்.

6 வோல்ட் வண்டிக்காரர்களுக்கு ஒரு விஷயம். ரெகுலேட்டரே இல்லாமல், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் மட்டும் உள்ள மாடல்களில் வோல்டேஜ் கட்டுக்குள் நிற்பதில் பல்பின் வாட் அளவுக்கும் பங்கு உண்டு, எழுதியிருக்கும் வாட்டுக்கே பல்பு போடுங்கள்.

எந்தக் கோளாறும் கிடைக்கவில்லை என்றால் வண்டி ஓடும் விதத்தைப் பாருங்கள். செல்ஃப் போட்டு, ஹெட்லைட்டுடன் இரண்டு தெரு தள்ளிப் போய் நிறுத்தி, மறுபடி செல்ஃப் என்றால் எடுத்ததைத் திருப்பிப் போட நேரமே கிடைக்காது. காலையில் முதல்முறை கிக்கரில் எடுப்பது இந்த வண்டிகளுக்கு எப்போதும் நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பேட்டரியை நிறைய ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே வந்தால் மறுபடி சார்ஜ் போடுங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், ஆடும் பேட்டரியில் தகடு சீக்கிரம் உதிரும். ஊற்றும் வகை என்றால் ஆவிக் குழாய் மடங்காமல் பாடிக்கு வெளியே, கீழ்நோக்கித் தொங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், உள்ளேயே சொட்டும் ஆசிட் பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் தகரத்தை ஓசையில்லாமல் தின்றுவிடும்.