மொபைல் ஆப்பில் ₹, °, 🥭, ‘வெள்ளிக் கொலுசு’ உடையாமல் தெரிய

சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடைக்கோ ஏற்காடு காப்பித்தூள் விற்பனைக்கோ ஆப் செய்தால், முதலில் தகராறு பண்ணுவது சிறப்புக் குறிகள்தான். உடனே ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள்; பெரும்பாலும் வீண் வேலை. திரையில் தெரிவதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

வெறும் கட்டம் வந்தால், எழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. ஃபான்ட்டில்தான் அதற்கு உருவம் இல்லை. மேலே கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் குறியாக்க முறை) தரவை வேறு குறியாக்கமாகப் படித்திருக்கிறது. சர்வர் அனுப்பும் ஹெடரில் எந்தக் குறியாக்கம் என்று இருக்கிறது, பாருங்கள். எல்லாமே கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து போயிருக்கும்; அப்படியானால் மறுபடி ஏற்றத்தான் வேண்டும். தமிழும் ₹ குறியும் சேமிக்கிறது, 🥭 மட்டும் முடியவில்லையா? தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் டேபிள் பழைய ‘யூடிஎஃப்8’இல் இருக்கிறது. அது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தரும், எமோஜிக்கு 4 வேண்டும். டேபிள், கனெக்‌ஷன் இரண்டையும் ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு மாற்றுங்கள். மாம்பழ எமோஜி 2018இல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தின் 11ஆம் பதிப்புடன் வந்தது என்பதால், அதற்கு முந்தைய போன்களில் கட்டம்தான் தெரியும். சேலம் மாம்பழம் விற்கும் ஆப் என்றால் சின்னப் படமாகவே வைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் திரை வாசகங்களை வைக்கும் எக்ஸ்எம்எல் சரக் கோப்பில் ₹, ° இரண்டையும் நேராகவே தட்டலாம். கீபோர்டில் இல்லையென்றால் &#8377; மற்றும் &#176; போதும். & குறிக்கு &#38; என்றும் < குறிக்கு &#60; என்றும் எழுதுங்கள். ஒற்றை மேற்கோளுக்கு இந்த எண் வழி உதவாது. முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்: \'. ‘92.5% வெள்ளி’ என்ற வரியில் எடையையோ விலையையோ நிரப்ப இடம் விட்டிருந்தால் %% என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ஆப் கிராஷ் ஆகும். நிரப்ப ஒன்றுமில்லாத வரியில் ஒரு % போதும்; இரண்டு போட்டால் இரண்டுமே தெரியும்.

விலையும் ₹ குறியும் வேறு வேறு வரியில் பிரிந்து நிற்காமலிருக்க நடுவில், வரி உடையாத இடைவெளியான &#160; வையுங்கள்.

தேடல்தான் நிஜமான தலைவலி. ‘கொலுசு’ என்பதில் ‘ொ’ ஒரே குறியீடாகவும் வரலாம், ெ + ா என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் சீராக்கினால் தீர்ந்தது. ‘வெள்ளி’ அவ்வளவு லேசில் அடங்காது. ெ, ள என்று தட்டாமல் ஔகாரக் குறியான ௌ போட்டு ‘வௌ்ளி’ என்று எழுதுபவர்கள் நிறைய. என்எஃப்சி இதைத் தொடாது. ௌ குறிக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அந்த ௌ இடத்தில் ெ + ள என்று மாற்றும் விதியை நீங்களே எழுத வேண்டும்.

நீளத்திலும் கவனம். ‘கொலுசு’ மூன்றெழுத்து, ஐபோன் ஆப் மொழியான ஸ்விஃப்ட் அதை 3 என்றே எண்ணும், ஆண்ட்ராய்டு ஆப் மொழியான கோட்லின் 6 என்று எண்ணும். தலைப்பைக் குறிப்பிட்ட எண்ணில் வெட்டினால் புள்ளியோ கொம்போ போய்விடும். ஆண்ட்ராய்டில் பிரேக்-இட்டரேட்டரை வைத்து எழுத்து எல்லை பார்த்து வெட்டுங்கள்.

அச்சகத்தில் யூனிகோட் அல்லாத பாமினி ஃபான்ட்டில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் குப்பையாகத்தான் வரும், அதற்குள் இருப்பது லத்தீன் எழுத்து. யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள்.

கடைசியில் பில். திரையில் அழகாகத் தெரிந்த ₹ தெர்மல் பிரின்டரில் கேள்விக்குறி ஆகும், ஏனெனில் பல மலிவு பிரின்டர்களின் எழுத்துப் பட்டியலில் ₹ குறியும் இல்லை, தமிழும் இல்லை. பில்லை முழுப் படமாக வரைந்து அனுப்புங்கள், 58 மி.மீ. பிரின்டருக்கு அகலம் 384 புள்ளி. அதைவிட அகலமாக அனுப்பினால் வலப்பக்கம் இருக்கும் தொகைதான் முதலில் வெட்டுப்படும்.