ஸ்பீக்கரில் குரல் மட்டும் காணாமல் போன கதை: என் அனுபவம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க லேப்டாப்பைப் புது ஸ்பீக்கரில் இணைத்தேன். வாத்தியங்கள் வருகின்றன, பாடுகிற குரல் மட்டும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் அதன் எதிரொலி மெலிதாகக் கேட்டது. எங்கே பாட ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். ஹெட்போனில் கேட்டால் எல்லாம் சரி.

பாட்டுக் கோப்பை மாற்றினேன், ஈக்வலைசரைத் திருகினேன், வேறு லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். புது கேபிளும் வாங்கினேன், அதுவும் அதே வகைதான் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று நாள் போயிற்று.

கடைசியில் லேப்டாப்பில் மோனோ ஆடியோவை (இடது, வலது ஒலிகளை ஒன்றாகக் கலந்து இரு பக்கமும் அதையே தரும் அமைப்பு) ஆன் செய்தேன், மொத்தச் சத்தமும் நின்றுவிட்டது! அதுதான் துப்பு. கேபிளின் பெரிய பின்னை உற்றுப் பார்த்தேன்: இரண்டு கறுப்பு வளையங்கள், அதாவது இடது, வலது ஒலிகளைத் தனித்தனியே கொண்டுபோகும் ஸ்டீரியோ. ஸ்பீக்கரின் 6.35 மி.மீ. துளையோ பேலன்ஸ்டு மோனோ, அதாவது ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் வாங்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும் வகை. இப்படிச் செருகினால் அது இடது சிக்னலிலிருந்து வலதைக் கழித்து, மிச்சத்தைத்தான் ஒலிக்கும். குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக வைத்துப் பதிவு செய்வதால் அது கழிந்து பூஜ்யமாகிவிடுகிறது. மோனோவில் இரு பக்கமும் ஒன்றே, ஆக எல்லாமே பூஜ்யம்.

ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் ஒற்றை வளையமுள்ள இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்கள் கொண்ட ஒய் கேபிள் வாங்கி, ஸ்பீக்கரின் இரண்டு சேனல்களிலும் செருகினேன். குரல் வந்துவிட்டது, நிம்மதி. துளை ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒரு பின்னை மட்டும் செருகிவிட்டு மோனோ ஆடியோவை ஆன் செய்யுங்கள், எந்த வாத்தியமும் விடுபடாது.