ஊக்குநரைப் பேசாமல் உட்கார வைப்பது எப்படி: மகளிர் குழுக்களுக்கு இரண்டு நாள் பயிற்சி

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்த ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். குழுக்களின் கூட்டமைப்பிலிருந்தோ தொண்டு நிறுவனத்திலிருந்தோ உங்களை அழைத்திருந்தால் இது உங்களுக்கு உதவும். நான் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த வேலை செய்கிறேன். தமிழ்நாட்டில் அரசு இந்தக் குழுக்களைத் தொடங்கியதே தர்மபுரியில்தான், 1989-இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரியும் அப்போது அதே மாவட்டம். அதனால் எங்கள் பக்கம் மாமியார் இருந்த குழுவில் இன்று மருமகள் இருக்கிறார். பழைய குழுவாயிற்றே, எல்லாம் பழகியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய குழுவில்தான் ஒரே அக்கா பல வருஷமாகக் கணக்கு, வங்கி, அதிகாரிகள் என்று எல்லாவற்றையும் தன் தலையில் சுமந்துகொண்டிருப்பார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் குழுவும் படுத்துவிடும்.

ஆகவே முதல் வேலை, யாரை அழைக்கிறோம் என்பது. ஊக்குநரையும் (குழுவை நடத்தும் தலைவி) பிரதிநிதிகளையும் (அவருக்குத் துணையான பொறுப்பாளர்கள்) மட்டும் அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டால், எல்லாப் பயிற்சிக்கும் வருகிறவர்களே இதற்கும் வருவார்கள். ஒரு குழுவுக்கு நான்கு பேர் கேளுங்கள்: ஊக்குநர், ஒரு பிரதிநிதி, பொறுப்பில் இல்லாத இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவர் கூட்டத்தில் அதிகம் பேசாதவராக இருக்க வேண்டும். ஐந்து குழுக்கள், இருபது பேர் போதும். அதற்கு மேல் போனால் மைக் தேவைப்படும், மைக் கைக்கு வந்தால் பயிற்சி சொற்பொழிவாகிவிடும்.

தேதி குறிக்கும் முன் நூறு நாள் வேலை எப்போது நடக்கிறது என்று கேளுங்கள். பத்தரைக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடித்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள், சாயங்காலப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். நான்கு மணிக்கு மேல் நீங்கள் சொல்வது யார் காதிலும் ஏறாது. ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருங்கள், நீங்களும் கீழேதான். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காக ஒரு தூளி கட்ட இடம் பார்த்து வையுங்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, வங்கிப் பாஸ்புக் எல்லாம் கையோடு வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் காலை புத்தகங்களுக்கு. பஞ்சசூத்திரத்தைச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் ஒப்பிப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்), தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது, முறையான கணக்கு. அதை விடுங்கள். பொறுப்பில் இல்லாத இருவரிடம் புத்தகங்களைக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைய தேதிக்குக் கைரொக்கம் எவ்வளவு? யார் யாரிடம் கடன் நிலுவை இருக்கிறது? வங்கிக்கு அடுத்த தவணை எவ்வளவு, எந்தத் தேதி? பதில் தேடும்வரை ஊக்குநர்கள் வட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். "அது அந்தப் பக்கம் இல்ல, திருப்பு திருப்பு" என்று கை நீளும். சிரித்துக்கொண்டே தடுத்துவிடுங்கள். ஒரு குழுவின் புத்தகத்தை இன்னொரு குழு பார்க்க விடாதீர்கள், ஊருக்குள் பேச்சாகிவிடும்.

இந்த இடத்தில் வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுவது நல்லது. 10,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, பத்துத் தவணை. ஒவ்வொரு மாதமும் அசலுக்கே வட்டி போட்டால் மாதம் 100, மொத்தம் 1,000 ரூபாய். மிச்சமிருக்கும் நிலுவைக்கு மட்டும் போட்டால் முதல் மாதம் 100, அடுத்து 90, அப்புறம் 80, இப்படியே இறங்கி மொத்தம் 550தான் வரும். "எங்க குழுவுல எப்படிப் போடறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டவர் யாரென்று குறித்துக்கொள்ளுங்கள். அவரைத்தான் அடுத்த பொறுப்புக்குத் தயார் செய்ய வேண்டும். கணக்கு எழுதத் தெரியாதே என்று அவர் தயங்குவார். பல குழுக்களில் புத்தகம் எழுதுவது யாரோ ஒருவர் வீட்டில் காலேஜ் படிக்கும் பெண்தான். எழுத ஆள் வைக்கலாம், தப்பில்லை. எழுதியதைச் சரிபார்க்க உறுப்பினர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விளையாட்டு வைக்கலாம், கால் மணி நேரம். நூல்கண்டை ஒருவர் மேல் ஒருவர் வீசி வலை பின்னி "பார்த்தீர்களா, இதுதான் ஒற்றுமை" என்று சொல்லும் விளையாட்டை நான் நிறுத்திவிட்டேன். தூக்கம் கலையும், அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

அதைவிட நடிப்பு நன்றாக வேலை செய்யும். மூன்று மாதமாகத் தவணை கட்டாத உறுப்பினராக ஒருவர், ஊக்குநராக அதிகம் பேசாத ஒருவர், மற்றவர்கள் குழு. உண்மையான ஊக்குநரைத் தவணை தவறியவராக நடிக்க வைத்துப் பாருங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பயிற்சியில் இப்படித்தான் நடந்தது.

"ஏங்க்கா, மூணு மாசமா வரலையே?"

"பணத்த ரேஷன் கார்டுக்குள்ள வச்சிருந்தேன் தங்கச்சி. அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"உன்னால எங்க எல்லாருக்கும் பேங்குல கெட்ட பேரு" என்று குழுவிலிருந்து ஒரு குரல். இன்னொருவர், "மாட்டை வித்துக் கட்டு." அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அங்கே நிறுத்திவிட்டு, இப்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவரைக் கேட்டேன். "அடுத்த கூட்டத்துக்கு வரக் கூடாதுன்னு தோணுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஐநூறாச்சும் கட்டறியான்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றார். தன் குழுவில் அவர் மாட்டை விற்கச் சொல்கிற கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதோடு விடாமல் தீர்மானம் எழுத வைக்க வேண்டும். எந்த மாதத்திலிருந்து எவ்வளவு கட்டுவார், வங்கித் தவணைக்குக் குறையும் பணத்தைக் குழுவின் எந்தக் கையிருப்பிலிருந்து போடுவது, யார் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, மூன்றும் அதில் வர வேண்டும். "நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் ஒரே வேலை: ஊக்குநர் இல்லாத கூட்டம். ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் வெளியே மரத்தடிக்குப் போய்விட வேண்டும், டீயோடு. உள்ளே மற்ற மூவரும் வருகை, சேமிப்பு வசூல், கடன் கேட்பு, தீர்மானம் என்று முழுக் கூட்டத்தையும் நடத்திக் காட்ட வேண்டும். பொம்மைப் பணம் வேண்டாம், சில்லறையோடு உண்மை நோட்டை எண்ணச் சொல்லுங்கள். கைரொக்கமும் புத்தகமும் இடித்தால் எங்கே இடிக்கிறது என்று அவர்களே தேடட்டும். திரும்பி வரும் ஊக்குநர் தீர்மானத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்.

சில ஊக்குநர்களுக்கு முகம் சுருங்கும். அவர்களைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். பல வருஷம் சம்பளமில்லாமல் பஸ் ஏறி வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைந்தவர்கள். கூட்டமைப்பிலோ, புதுக் குழுக்களுக்குக் கற்றுத் தருவதிலோ அவர்களுக்கு வேலை இருக்கிறது என்று காட்டாமல் பதவியை மட்டும் மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

மாற்றத் தீர்மானித்தால் வங்கி வேலையையும் சொல்லிக் கொடுங்கள். தீர்மான நகல், புதுப் பொறுப்பாளர்களின் போட்டோ, ஆதார் இவற்றோடு பழையவரும் புதியவரும் சேர்ந்தே போக வேண்டும். வங்கியில் எல்லா உறுப்பினரின் கேஒய்சியும் (அடையாள, முகவரிச் சான்று) கேட்டால், சேமிப்புக் கணக்குக்குப் பொறுப்பாளர்களுடையது போதும் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதைப் பணிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து மூன்று கூட்டங்கள் ஆன பிறகு தீர்மானப் புத்தகத்தைப் போய்ப் பாருங்கள். கடன் கேட்டவர் பெயரோடு, மறுத்துப் பேசியவர் பெயரும் எங்காவது இருக்கிறதா? கையெழுத்துகள் எல்லாம் ஒரே பேனாவில் ஒரே வேகத்தில் போட்ட மாதிரி இருந்தால் கூட்டம் நடக்கவில்லை, புத்தகம்தான் வீடு வீடாகப் போயிருக்கிறது. உடனே இன்னொரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்யாதீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஊக்குநருக்கு மட்டும் தோதான நேரமாக இருக்கும். எல்லோரையும் கேட்டு நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் போய் ஓரமாக உட்காருங்கள்.