513 படியும் நகராத 9 நிமிடமும்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. வாரம் நான்கு நாள் விடியும் முன்பே ஏறுகிறேன். முதலில் 14 நிமிடம் ஆனது, இரண்டே மாதத்தில் 9 ஆனது. அப்புறம் மூன்று மாதம் அந்த 9 அசையவே இல்லை. ஆறு நாள் ஏறிப் பார்த்தேன், முழங்கால் வலிதான் மிச்சம்.

உங்களுக்கும் இப்படி நின்றுபோனால், எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் தேடுங்கள். நான் நூறு படிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைத் தட்டினேன். முதல் நூறு 75 நொடி, நான்காவது நூறு 130! தொடை எரிய, கை தானாகக் கம்பியைத் தேடுகிறது. எடுத்த எடுப்பிலேயே மூச்சைச் செலவழித்துவிட்டுப் பிறகு தவிக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

அதனால் பயிற்சியைப் பிரித்தேன். ஒரு நாள் நூறு படி மட்டும் வேகமாக ஏறி, மெதுவாக இறங்கி, மூச்சு அடங்கியதும் மறுபடி, மொத்தம் நான்கு தடவை. இன்னொரு நாள் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே உச்சிவரை. மற்றொரு நாள் முதல் நூறை 90 நொடிக்குக் குறையாமல் ஏறி, பிறகு இயல்பாக. உடம்பு ஒரே சுமைக்குப் பழகிவிட்டால் மேற்கொண்டு மாறாது.

நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் பயிற்சியில் களைத்த தசை தேறுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். ஆறாவது வாரம் 8 நிமிடம் 10 நொடியில் மேலே நின்றேன். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

மூளை வேலையிலும் இதே கதைதான். நான் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்பவள். நிமிடத்துக்கு 25 சொல்லில் நெடுநாள் நின்றேன். 1890களின் இறுதியில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்கர்கள் தந்தி ஊழியர்களை ஆராய்ந்தார்கள். செய்தியை வாங்கும் வேகம் ஓரிடத்தில் தேங்கி, எழுத்தெழுத்தாகக் கேட்டவர் சொல்சொல்லாகக் கேட்கத் தொடங்கியதும் மறுபடி ஏறியதாம். நானும் 'கொண்டிருக்கிறது', 'வேண்டியிருந்தது' போல அடிக்கடி வரும் பத்துச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே வீச்சில் விழும்வரை தினம் 15 நிமிடம் தட்டினேன். 'ண்ட' வருமிடத்தில் மோதிர விரல் தயங்கியது. அதை மட்டும் தனியாக, மிக மெதுவாக. இப்போது 34 சொல் வருகிறது, அடுத்து 'ற்ற'வை எடுத்திருக்கிறேன்.